தலை தெரிந்த பிறகு

நான் மயங்கியதை நான் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் ஷெட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். மயங்கினவன் எப்படிப்பா பார்ப்பான் என்கிறார்கள். சிரிக்கட்டும். தரையில் மயங்கி விழுகிறவனுக்காவது ஏதோ கொஞ்சம் தெரியும். கண் இருட்டும், காது அடைக்கும், பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கி ஏறி வருகிறவனுக்கு அதுவும் கிடையாது. நன்றாக இருக்கிறோம் என்று நினைக்கிறான். அடுத்து கண்ணைத் திறக்கும்போதும் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறான். நடுவில் ஒரு துண்டு வெட்டுப்பட்டுப் போயிருப்பது அவனுக்குத் தெரியாது. என்னுடைய அந்தத் துண்டு என் மனைவியிடம் இருக்கிறது. அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மரக்காணத்தில், உப்பு லாரிகள் மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில், படகு இஞ்சின் பழுது பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். இரும்புக்கு இதைவிடக் கெட்ட இடம் இருக்காது, அதனாலேயே எனக்கு இதைவிட நல்ல இடம் இருக்காது. ஃபைபர் படகுக்காரர்கள் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். இஞ்சினுக்காக மட்டுமில்லை. நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டாலும், வலை அடியில் எதிலாவது சிக்கினாலும், கடலில் சாமான் எதையாவது தவறவிட்டாலும் என்னைத்தான் தேடுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு நிற்கும். பத்துப் பாகம் ஆழம் இறங்கி வேலை பார்த்துவிட்டு வருவேன். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். எங்கள் பக்கம் ஆழத்தை அப்படித்தான் சொல்வோம். ஆள் வந்து கூப்பிட்டால் பிரித்துப் போட்ட இஞ்சினை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமில்லை, நிறையவே.

ஒருவன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் படகில் பேச்சு நின்றுவிடும். அதுவரை ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தவர்கள்கூட விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து தண்ணீரையே பார்ப்பார்கள். அந்த அக்கறையில் பொய் கிடையாது. தலை தெரிந்ததும் யாராவது ஒருவர் ‘வந்துட்டான்’ என்பார். உடனே எல்லோரும் திரும்பிக் கயிற்றைப் பிடித்துவிடுவார்கள். வேலை கயிற்றில் இருக்கிறது. இறங்கினவன் வந்துவிட்டான். அப்புறம் அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க என்ன இருக்கிறது? எங்கள் படகுகளில் காலாகாலமாக அப்படித்தான். நானும் அதில் ஒரு தப்பைக் கண்டதில்லை.

என் மனைவி படகுக்கார வீட்டுப் பெண் இல்லை. கழுவெளி ஏரிக்கரை ஊர் அவளுக்கு. சின்ன வயதில் அம்மாவோடு அந்த உப்பேறிய ஏரித் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்தவள். தண்ணீருக்குள் தலையை விடுவதற்கு அவளுக்குப் பயமே கிடையாது. இப்போது கூனிமேட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். மெஷினில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் துணியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். வந்தவர்களோடு பேசுவது, சிரிப்பது, சண்டை போடுவது எல்லாம் துணியைப் பார்த்தபடியேதான். கல்யாணமான புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கிற கண் அது என்று புரிய எனக்கு வருஷங்கள் ஆயின.

எங்கள் பக்கம் மீன்பிடிப் படகில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். என்னிடம் ஒரு பழைய படகு இருக்கிறது, சரிசெய்த இஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்ப்பதற்காக. அதில் மீன் பிடிப்பதில்லை, ஆகவே அது மீன்பிடிப் படகில்லை என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனேன். கூட வந்த என் கூட்டாளி, அவன் படகுக்காரன், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

‘ஏம்பா, யாராவது பாத்தா இன்னா சொல்றது?’

‘இஞ்சின் டெஸ்ட் பண்றோம்னு சொல்லு.’

‘கொழந்தைய வெச்சிகினு இன்னா டெஸ்ட்டு?’

அன்றைக்குப் பார்த்து எங்கள் நங்கூரமே பாறையில் மாட்டிக்கொண்டது. நான் இறங்கி எடுத்துவிட்டு மேலே வந்தேன். கூட்டாளி ‘வந்துட்டான்’ என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுக்கத் திரும்பினான். எல்லாம் வழக்கம்போல. என் மனைவி கரைக்கு வந்து, மகள் மணலில் முன்னால் ஓடின பிறகு சொன்னாள்.

‘நீங்க மேல வந்ததும் அவரு திரும்பிட்டாரு. நான் திரும்பல.’

‘அதுக்கு இன்னா இப்ப?’

‘உங்க உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துது. கண்ணு தெறந்திருக்குது, ஆனா என்னைப் பாக்கல. கொஞ்சம் கழிச்சுதான் பாத்தீங்க.’

‘உப்புத் தண்ணி கண்ணுல பட்டா அப்படித்தான் இருக்கும்.’

‘எனக்குத் தெரியாத உப்புத் தண்ணியா?’

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கடலில் இறங்குகிறவனுக்கு இவள் என்ன சொல்வது? அன்று மத்தியானம் மீன் குழம்பு எனக்குப் பிடிக்காததுபோல் சாப்பிட்டேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

அந்த வாரமே புதுச்சேரியில் ஒரு டைவிங் ஸ்கூல் படகுக்கு இஞ்சின் வேலையாகப் போயிருந்தேன். அங்கே மூச்சடக்கி இறங்கக் கற்றுக்கொடுக்கிற ஒரு சென்னைப் பெண் இருந்தாள். எங்களைவிட வயதில் சின்னவள். அவளிடம் இந்த நாவல்பழக் கதையைத் தமாஷாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இங்கிலீஷில் திட்டினாள். எனக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது என்று சந்தேகம் வந்ததோ என்னவோ, அதையே தமிழில் இன்னொரு தடவை திட்டினாள்.

‘உங்க வைஃப் பார்த்ததுதான் வார்னிங். அவங்களக் கூட்டிட்டு வாங்க. நீங்க வரலைன்னாகூடப் பரவாயில்ல, அவங்க வரணும்.’

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அவளிடம் மாணவர்களாகச் சேர்ந்தோம். அவளை மேடம் என்று கூப்பிடத் தொடங்கினோம். முதல் வகுப்பில் எனக்குப் பாதி கர்வம் போயிற்று, இரண்டாவது வகுப்பில் மிச்சமும் போயிற்று.

மூச்சு முட்டுகிறது என்றால் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். உள்ளே கெட்ட காற்று சேர்ந்துவிட்டது என்று உடம்பு அடிக்கிற அலாரம் அது. இறங்குவதற்கு முன்னால் புஸ் புஸ்ஸென்று வேகமாக மூச்சை இழுத்து விட்டால் ஆக்சிஜன் கூடுவதில்லை, அலாரம் தாமதமாக அடிக்கிறது, அவ்வளவுதான். நான் எப்போதும் அந்தப் புஸ் புஸ்ஸைச் செய்துவிட்டுத்தான் இறங்குவேன். அதுதான் என் திறமை என்று நினைத்திருந்தேன். இஞ்சின் சூடேறினால் கத்துகிற பஸ்ஸரை, சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டி, கடைசியில் இஞ்சினை ஜாம் ஆக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களை நான் கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறேன். அதே வேலையைத்தான் என் உடம்புக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று சொன்னாள் மேடம். ஆழத்தில் இருக்கும்போது தண்ணீரின் அழுத்தத்தால், இருக்கிற ஆக்சிஜனை உடம்பு எப்படியோ இழுத்துப் பிடித்து ஓட்டிவிடும். மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், கடைசி இரண்டு மூன்று பாகத்தில் ஆக்சிஜன் மடமடவென்று இறங்கிவிடும். அதனால் பெரும்பாலும் ஆள் மயங்குவது அடியில் இல்லை, மேலே வருகிற இடத்தில். பல பேர் தலை வெளியே வந்து, ஒரு மூச்சு இழுத்து, கையைக் காட்டிவிட்டுக்கூட மயங்குகிறார்கள். இழுத்த மூச்சு மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

‘அப்ப தலை தெரிஞ்ச பிறகும் பாக்கணும்,’ என்றாள் என் மனைவி.

‘தலை தெரிஞ்ச பிறகுதான் முக்கியமாப் பார்க்கணும்,’ என்றாள் மேடம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வகுப்பு நடந்த ஓட்டல் நீச்சல்குளத்தின் டைல்ஸைப் பார்த்தேன்.

துணைக்கு இருக்கிறவருக்கு வேலை சின்னதில்லை. இறங்கினவன் ஏறி வரும்போது பாதி வழி இறங்கிப் போய் எதிர்கொள்ள வேண்டும். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே கூட ஏறி வர வேண்டும். மேலே வந்த பிறகும் அவன் மூச்சு நிதானப்பட்டு, கண் நேராகும்வரை கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மயங்கினால் முகவாயைத் தூக்கித் தலையைத் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கிற மாஸ்க்கைக் கழற்றி, கண்மேல் ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வரவில்லை என்றால் வாயில் ஊதி மூச்சு கொடுக்க வேண்டும். இதைப் பயிற்சி செய்ய நான் மயங்கினவன் மாதிரி மிதந்தேன். அவள் கச்சிதமாக எல்லாம் செய்துவிட்டு, ‘ஏங்க, மூச்சு இழுங்க’ என்றாள்.

‘பேர் சொல்லுங்கக்கா,’ என்றாள் மேடம் கரையிலிருந்து.

‘ஏங்க...’

‘பேரு. மயக்கத்துல இருக்கறவங்களுக்கு அவங்க பேருதான் முதல்ல காதுல விழும்.’

என்ன நடக்கிறதென்று நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மயங்கினவன் கண்ணைத் திறக்கக் கூடாது என்று எனக்கும் திட்டு விழுந்தது.

விஷயம் இதுதான். என் மனைவி என் பெயரைச் சொல்ல மாட்டாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவள் அம்மா சொன்னதில்லை, அவளும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் கேட்டால் மகளைப் பார்ப்பாள், மகள் சொல்வாள். எனக்கு வைத்தது சாமி பெயர். அதனால் அந்தச் சாமி பெயரையும் அவள் சொல்ல மாட்டாள். மயிலம் மலைக்குப் போனால் ‘மயிலத்து சாமி’ என்றுதான் கும்பிடுவாள். சாமியே கோபித்துக்கொள்ளாதபோது நான் எதற்குக் கோபித்துக்கொள்ள? ஊருக்கு முன்னால் நான் ‘பாப்பா அப்பா’, வீட்டில் ‘ஏங்க’. இரண்டுக்கும் நான் நாய்க்குட்டி மாதிரி திரும்பிப் பார்ப்பேன்.

மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். என் மனைவி முகமெல்லாம் சிவந்து சிரித்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மேடம் இறங்கி வந்தாள். ‘சரி, அவர் எதுக்குத் திரும்பிப் பார்ப்பாரோ அதைச் சொல்லுங்க. ஆனா கத்திச் சொல்லுங்க.’ அதன்படி ‘பாப்பா அப்பா, மூச்சு இழுங்க!’ என்று ஓட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். குளத்தங்கரையில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் இல்லாமல் நான் கடலில் இறங்கியது கிடையாது. ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். பொண்டாட்டியைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான் என்றார்கள். ஆமாம், அதற்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் தண்ணீரில் இருக்கிற விதத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். துளி ஆர்ப்பாட்டம் கிடையாது. நான் கீழே வேலை முடித்து ஏறும்போது, பச்சைத் தண்ணீருக்குள் மேலிருந்து ஒரு நிழல் சத்தமில்லாமல் இறங்கி வரும். நிழல் முகமாகும். முகத்தில் மாஸ்க்குக்குப் பின்னால் அந்தக் கண்கள். அவை என் உதட்டைப் பார்க்கும், என் கண்ணைப் பார்க்கும், திரும்பவும் உதட்டைப் பார்க்கும். கூட ஒரு மீன் கூட்டமே போனாலும் அந்தப் பக்கம் திரும்பாது. கட்டின நாளிலிருந்து என் முகத்தை அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்று கிண்டல் செய்வேன். ‘அங்க பாக்கறதுக்கு வேற இன்னா இருக்குது’ என்பாள். எவ்வளவு நேரம் ஓய்வெடுத்த பிறகு அடுத்து இறங்கலாம் என்பதும் அவள் தீர்மானம்தான். அவள் தலையசைக்காமல் நான் மூச்சு இழுக்க மாட்டேன்.

போன சித்திரையில் என் கூட்டாளியின் இஞ்சின் கடலில் விழுந்தது. புதுசு. மாட்டிக் கொடுத்தபோதே படகோடு சேர்த்து ஒரு கயிறு கட்டிவை என்று சொல்லியிருந்தேன். கட்டவில்லை. அலை தூக்கி அடித்ததில் திருகு கழன்று, கண் முன்னாலேயே தண்ணீருக்குள் போய்விட்டதாம். விழுந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, துடுப்பு போட்டுக் கரைக்கு வந்து, நேராக ஷெட்டுக்கு ஓடிவந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

‘காலைல போலாம். அழாதடா,’ என்றேன்.

‘அண்ணி வருவாங்கல்ல?’ என்றான். பெண் ஏறக்கூடாது என்று முணுமுணுத்தவன்தான்.

மறுநாள் விடிந்ததும் என் படகில் நாங்கள் நான்கு பேர் போனோம்: நான், அவள், கூட்டாளி, அவன் அண்ணன். காற்று ஏறவில்லை, கடல் நன்றாக இருந்தது. பத்துப் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம், எனக்குப் பழகின ஆழம்தான். முதல் தடவை இறங்கினபோது இஞ்சின் கண்ணில் படவில்லை. இரண்டாவது தடவை பட்டது, பாறைக்குப் பக்கத்தில் மணலில் தலைகுப்புறக் கிடந்தது. ஏறி வந்து நன்றாக ஓய்வெடுத்தேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள், விரல் நகத்தைப் பார்த்தாள், போதாது என்றாள், இன்னும் கொஞ்சம் மிதக்க வைத்தாள். அப்புறம் தலையசைத்தாள். அன்றைக்கு நாங்கள் எந்த விதியையும் மீறவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். புஸ் புஸ் இல்லை, அவசரம் இல்லை, பந்தயம் இல்லை.

மூன்றாவது தடவை இறங்கிக் கயிற்றைக் கட்டினேன். முடிச்சு போடக் கொஞ்சம் பலம் செலவானது. ஏறும்போது வழக்கம்போல அவள் எதிரே வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஏறினோம். மேலே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. பிடித்துக்கொள்ளப் படகோரம் போட்டிருந்த மிதவையைப் பிடித்தேன். மூச்சு இழுத்தேன். ‘வந்துட்டான்’ என்று கூட்டாளி சொன்னது காதில் விழுந்தது. ‘கட்டிட்டியா?’ என்றான். நன்றாக இருக்கிறேன் என்று விரலைக் காட்டினேன். அடுத்து, யாரோ என் முகத்தில் ஊதுகிறார்கள், யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள்.

இதுவரை எனக்குத் தெரிந்தது. இனிமேல் சொல்வது அவர்கள் சொன்னது.

நான் விரலைக் காட்டியதும் படகில் இருந்த இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கயிற்றின் மறுமுனையில் அவன் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏலேலோ போடாத குறையாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் காட்டின விரல் அப்படியே காற்றில் நின்றதாம். என் கண் திறந்திருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை என்றாள் அவள். தலை இரண்டு தடவை ஆடியது. பிறகு மிதவையிலிருந்து கை வழுக்கி, சத்தமே இல்லாமல் முகம் தண்ணீருக்குள் போனது. ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. அவள் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், இஞ்சினைப் படகில் ஏற்றிவிட்டு, துடைத்து, சந்தோஷப்பட்டு, அப்புறம்தான் என்னைத் தேடியிருப்பார்கள்.

ஆனால் அவள் இருந்தாள். முகம் தண்ணீரில் பட்ட நொடியே அவள் கை என் முகவாய்க்குக் கீழே வந்துவிட்டது. மாஸ்க்கைக் கழற்றினாள். ஊதினாள், தட்டினாள், கூப்பிட்டாள். கூட்டாளியும் அவன் அண்ணனும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மயங்கினதற்காக அவர்கள் திரும்பவில்லை. அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு பெண்பிள்ளை புருஷனைப் பெயர் சொல்லி, ‘மூச்ச இழுடா! டேய், இழுடா!’ என்று நடுக்கடலில் கத்தினதற்காகத் திரும்பினார்கள். கூட்டாளி பயத்தில் கயிற்றை விட்டுவிட்டான். பாதி தூரம் ஏறின இஞ்சின் திரும்பவும் அடிக்குப் போனது.

என்னைப் படகில் ஏற்றினதும் நான் செய்த முதல் காரியம் சண்டை போட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, எதற்கு இவ்வளவு கலாட்டா, இஞ்சினை விட்டுட்டீங்களே என்றேன். மயங்கினவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்களாம், பிறகு மேடம் சொன்னாள்.

‘நான் மயங்கவே இல்ல. நல்லாத்தானே விரல் காட்னேன்?’

‘காட்னீங்க,’ என்றாள்.

‘அப்புறம் இன்னா?’

‘உங்க மாஸ்க் எங்க?’

முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். மாஸ்க் இல்லை. அது அவள் முழங்கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. யார் எப்போது கழற்றியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதும் விட்டுக்கொடுக்க மனசில்லை. கழன்றிருக்கும் என்றேன்.

‘டேய், அண்ணி உன் பேரச் சொல்லிட்டாங்கடா,’ என்றான் கூட்டாளி. அவன் முகம் வெளுத்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தின குரல் இன்னும் என் காதுக்குள் இருந்தது. என் பெயர், கூடவே ஒரு டா. அது அவள் குரல். எங்கள் கல்யாணத்துக்கு, மகள் பிறந்ததற்கு, என் அப்பா செத்ததற்கு, எதற்கும் அந்தக் குரலில் வராத பெயர் அது. நான் ஆரோக்கியமாக இருக்கும்போது அவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு என்ன நடந்தது என்பதற்கு எந்த டாக்டர் சீட்டும் தேவைப்படவில்லை. உடம்பெல்லாம் குளிர்ந்துபோய், அவள் கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு இனி யாரும் இறங்கக்கூடாது என்றாள். இஞ்சினின் சொந்தக்காரனே மறுபேச்சு பேசவில்லை. இஞ்சின் கயிற்றின் மேல்முனையில் மிதவையைக் கட்டிவிட்டுத் திரும்பினோம். ஆஸ்பத்திரியில் காட்டினோம், நுரையீரலுக்குள் தண்ணீர் போகவில்லை என்றார்கள். மேடத்துக்குப் போன் செய்து, எல்லாம் சரியாகத்தானே செய்தோம், பின்னே ஏன் என்று கேட்டேன். உடம்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது, எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் இப்படி ஆகும், துணைக்கு ஆள் இருப்பது அந்த ஒரு நாளுக்காகத்தான் என்றாள். பிறகு போனை என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. புதுச்சேரியிலிருந்து மேடமே வேறு இரண்டு பேரோடு வந்து இஞ்சினை எடுத்துக் கொடுத்தாள்.

கதை எங்களுக்கு முன்னாலேயே கூனிமேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மயக்கம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. டா தான் பெரிதாகப் பட்டது. பர்தா தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெண் கடை வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறாள், ‘இன்னா டைலரக்கா, அண்ணன டா போட்டுட்டியாமே?’ என்று. என் மனைவி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘ஆமா. போடலன்னா இன்னிக்குக் கடை தெறந்திருக்காது’ என்றாளாம். அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டு உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாளாம். கூட்டாளி இப்போது யார் இறங்கி ஏறினாலும் கயிற்றைத் தொடுவதில்லை. ஏறினவன் மூஞ்சியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்னடா பார்க்கிறாய் என்று கேட்டால், பேசாதே, மூச்சை இழு என்கிறான்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு எனக்கு ஒரு ஆசை தொற்றிக்கொண்டது. அவள் வாயால் என் பெயரை நல்ல நினைவோடு ஒரு தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டபோது பாதி உயிரில் இருந்தேன், சரியாக அனுபவிக்க முடியவில்லை. சமயம் கிடைக்கும்போதெல்லாம் நச்சரித்தேன். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். ஒரு நாள் சாயங்காலம் கடையில் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். யாரும் இல்லை.

‘ஒரே ஒரு தடவ கூப்பிடேன். டா கூட வேணாம்.’

‘சும்மா இருங்க.’

‘அன்னிக்கு மட்டும் அவ்ளோ ஈஸியா வந்துது?’

மெஷின் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

‘ஈஸியா வந்துதா? பாப்பா அப்பான்னேன், வரல. ஊதுனேன், தட்டுனேன், ஏங்கன்னேன், வரல. அதுக்கப்புறம்தான் பேரச் சொன்னேன். கூப்பிட்டு வரலன்னா வாய்ல ஊதணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. ஊதியிருப்பேன். அது வேற. கூப்பிடறதுக்கு எங்கிட்ட இருந்தது அவ்ளோதான். அதுக்கும் நீங்க வரலன்னா, அப்புறம் உங்கள நான் இன்னா சொல்லிக் கூப்பிடறது?’

படகில் அழாதவள், ஆஸ்பத்திரியில் அழாதவள், பாதி தைத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே ஒரு உப்பு லாரி போகிற சத்தம் வந்து அடங்கியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

‘ஏங்க,’ என்றாள்.

‘இருக்கேன்,’ என்றேன்.